நாயை மறந்த குவோல்கள்

டார்வின், ஆஸ்திரேலியா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் வந்து இருபது நாளாகிறது. நான்கு மாதம் எழுதாமலிருந்ததற்கு வேலை மிகுதி என்று சொன்னால் அம்மா நம்பமாட்டார். ஸ்வெட்டர் போடுகிறேனா என்று கேட்டிருந்தார். இந்த ஊரில் நவம்பர் மாதம் நம் பெரம்பூர் மே மாதத்தைப் போல வேர்க்கிறது, சந்தையில் மாம்பழம் குவிந்திருக்கிறது. உடம்புக்குச் சூடு என்பதால் நான் வாங்குவதில்லை. இன்னொன்று, பெயர்தான் டார்வினே தவிர, பரிணாமம் சொன்ன அந்த மனிதர் இங்கே கால்வைத்ததே இல்லை.

அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று கேட்டிருந்தீர்கள். அணிலைவிடப் பெரிதாய், பூனையைவிடச் சிறிதாய், உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகளோடு குவோல் என்றொரு விலங்கு இங்குண்டு. கரும்பு வண்டை ஒழிப்பதற்காக 1935-இல் கொண்டுவந்த நச்சுத் தேரைகள் வண்டை விட்டுவிட்டு நாட்டின் வடபகுதியெங்கும் பரவ, அவற்றைத் தின்ற குவோல்கள் மடிந்தன. எனவே 2003-இல் 64 குவோல்களைப் பிடித்து, தேரையும் டிங்கோ என்னும் காட்டுநாயும் இல்லாத இரு தீவுகளில் விட்டார்கள். பதின்மூன்று தலைமுறைக்குப் பின், 2016-இல், அவற்றின் வழிவந்தவற்றைத் தேரையைத் தொடாதிருக்கப் பழக்கிக் காக்கடு தேசியப் பூங்காவில் விட்டபோது, தேரைக்குத் தப்பியவை டிங்கோவுக்கு இரையாயின.

தாய் சொல்லித்தராததால் மறந்திருக்கும் என்பீர்கள். அதையும் சோதித்துவிட்டார்கள். நாயையே காணாமல் கூண்டில் பிறந்து வளர்ந்த குட்டிகளில், பெருநிலத்து வம்சத்தவை நாயின் வாடைக்கு ஒதுங்கின. தீவு வம்சத்தவை ஒதுங்கவில்லை. அச்சத்துக்கும் ஒரு செலவு உண்டு, அப்பா. வாடை வந்தபோதெல்லாம் இரையை விட்டு ஓடுவது அரைவயிற்றோடு கிடக்கும். துணிந்தது வயிறாரத் தின்று குட்டிகளைப் பெருக்கும். பெருநிலத்தில் அந்தத் துணிச்சலை டிங்கோ களைந்துகொண்டே இருந்தது. தீவில் களைவாரில்லை.

எனக்கும் இங்கே இருபத்துநான்கு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருவதால், நான்கு மணிக்கு எழும் வழக்கம் போய்விட்டது. இது பரம்பரை மாற்றமல்ல, வெறும் சோம்பல். ஆனால் சென்ற வாரம் விடியலில் குப்பை லாரி ஒன்று உறுமியதைக் கேட்டு, மெட்ரோ வாட்டர் லாரி என்று எழுந்து வாசல்வரை போய்விட்டேன். கையில் குடம் இல்லை. எதிரே அம்மாவும் இல்லை. அதன்பிறகு உறக்கம் வரவில்லை.

அது இருக்கட்டும். செல்விக்கு வந்த வரனைப் பற்றி அத்தையிடம் விசாரிக்காமல் முடிவெடுக்க வேண்டாம். சித்தப்பா கேட்ட தொகையைப் பொங்கலுக்குள் அனுப்புகிறேன். இம்மாதம் வங்கியில் ஏதோ தாமதம். குழாயில்தான் தண்ணீர் வருகிறதே, அடிபம்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. 2019 கோடையில் தெருவே அதன்முன் வரிசையில் நின்றது. வாஷரை மாற்றி, வாரம் ஒருமுறையாவது செல்வியை அடிக்கச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்,
குமரன்