பில்டில் உறைந்துபோன முகவரி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புதுச்சேரியில் சேர்ந்திருக்கும் புதிய வேலையில் நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பைக் கொண்டு ஓர் இணையதளம் எழுதவிருப்பதாகக் குறிப்பிட்டிருந்தாய்; மிக்க மகிழ்ச்சி. சென்ற மாதம் இரண்டு முழு நாட்கள் என்னை அலைக்கழித்த ஒரு பிழையைப் பற்றி, நீ தொடங்குவதற்கு முன்பே உனக்குச் சொல்லிவிட விரும்புகிறேன்.

முதுநகரில் ஒரு மீன் வியாபாரிக்கு ஆர்டர் எடுக்கும் தளம் செய்துகொடுத்தேன். சோதனைச் சர்வரில் சரிபார்த்து முடித்த அதே டாக்கர் இமேஜை (செயலியையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதி), ஏபிஐ முகவரிக்கான, அதாவது தளம் தரவை அனுப்பும் முகவரிக்கான, சூழல் மாறியை (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) மட்டும் மாற்றி, நேரடிச் சர்வரில் ஏற்றினேன். தளம் ஒழுங்காகத் திறந்தது. ஆனால் வியாபாரி பதிந்த ஆர்டர்கள் அனைத்தும் சோதனைத் தரவுத்தளத்துக்கே போய்ச் சேர்ந்தன. கண்டெய்னருக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த இமேஜுக்குள், சென்று பார்த்தால் மாறியின் மதிப்பு சரியாகவே இருந்தது. கேஷைச் சந்தேகித்தேன், பிராக்ஸியைச் சந்தேகித்தேன், திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டாம் நாள் இரவு, பிரவுசர் இறக்கியிருந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து தேடியபோதுதான் விளங்கியது: மாறியின் பெயர் அதில் எங்குமே இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் சோதனை முகவரி வெறும் எழுத்துச் சரமாக நின்றது.

அந்த மாறியின் பெயர் ‘நெக்ஸ்ட் பப்ளிக்’ என்ற முன்னொட்டோடு தொடங்கும்; இந்த முன்னொட்டு 2020-இல் வந்த நெக்ஸ்ட் 9.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. பயனரின் பிரவுசருக்கு நம் சர்வரின் சூழல் மாறிகளைப் படிக்க வழியில்லை என்பதால், இந்த முன்னொட்டு கொண்டவற்றின் மதிப்பை பில்ட் நடக்கும்போதே, அதாவது தளத்தை ஏற்றுவதற்குத் தயாரிக்கும்போதே, கோடுக்குள் எழுதிவிடுகிறார்கள். நம்மூர்ப் பேருந்தில் ஊர்ப்பெயரைப் பலகையில் எழுதி மாட்டினால் வழித்தடம் மாறும்போது பலகையை மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடியிலேயே பெயிண்டால் எழுதிவிட்டால் திரும்ப ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். என் இமேஜ் சோதனைக்கான என்வ் கோப்போடு (சூழல் மாறிகளின் மதிப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) பில்ட் ஆனது. கண்டெய்னரை இயக்கும்போது நான் கொடுத்த மதிப்பைப் படிக்க அங்கே யாருமில்லை.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. முன்னொட்டு இல்லாத, சர்வரில் மட்டும் படிக்கப்படும் மாறியைக் கொண்ட ஒரு பக்கமும் பழைய மதிப்பையே காட்டியது. கோரிக்கையைச் சாராத பக்கங்களை நெக்ஸ்ட் பில்டின்போதே எச்டிஎம்எல்லாக உருவாக்கி வைத்துவிடுகிறது. மாறி அப்போது ஒருமுறை படிக்கப்பட்டதோடு சரி. நாம் எழுதும்போது இயக்கிப் பார்க்கும் டெவ் முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கம் புதிதாக உருவாவதால், நம் கணினியில் இந்தப் பிழை தலைகாட்டுவதேயில்லை. மதிப்பு என்ன என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான், அது எப்போது படிக்கப்படுகிறது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பக்கத்தில் பயனரின் கோரிக்கை வரும்வரை பக்கத்தை உருவாக்காமல் நிறுத்திவைக்கும் நெக்ஸ்டின் ‘கனெக்ஷன்’ செயற்கூற்றுக்குக் காத்திருந்து, அதன் பிறகே மாறியைப் படிக்கிறேன். பிரவுசருக்கு வேண்டிய முகவரியை சர்வரில் ஓடும் கூறு படித்து, பிராப்பாக (ஒரு கூறு இன்னொன்றுக்குக் கொடுக்கும் மதிப்பாக) பிரவுசரில் ஓடும் கிளையன்ட் கூறுக்கு அனுப்புகிறது. ஒரே இமேஜ் இரண்டு சர்வர்களிலும் ஓடுகிறது. ரகசியச் சாவிகளுக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் ‘நெக்ஸ்ட் பப்ளிக்’ முன்னொட்டைச் சூட்டிவிடாதே. அவை உலகம் முழுவதற்கும் இறக்கிக் கொடுக்கப்படும். இமேஜுக்குள் சேர்க்கக் கூடாதவற்றைப் பட்டியலிடும் டாக்கர் இக்னோர் கோப்பில் என்வ் கோப்புகள் இருக்கின்றனவா என்பதையும் இன்றே பார்த்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி வா. இமேஜைக் கட்டும் கட்டளைகள் உள்ள உன் டாக்கர்ஃபைலை இருவரும் சேர்ந்து வரி வரியாகப் பார்த்துவிடுவோம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்