புக்கரெஸ்டிலிருந்து அக்காவுக்கு

புக்கரெஸ்ட்
ருமேனியா
டிசம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில், "அங்கே தனியா இருக்கியே, பயமா இல்லையா?" என்று கேட்டாய். இல்லை என்று சொல்லிவிட்டேன். அது அவசரத்தில் சொன்ன பதில். சரியான பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு படத்தைப் பற்றி எழுத வேண்டும், அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே டிசம்பரில் மாலை நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. வேலை முடிந்து வெளியே வந்தால் நடுராத்திரி போல இருக்கும். நான் இருப்பது ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில், ஐந்தாவது மாடி. எதிர்வீட்டுப் பாட்டி பார்க்கும்போதெல்லாம் 'புனா ஸீவா' என்று வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். அதற்கு மேல் பேச எங்களுக்குப் பொதுவான மொழி கிடையாது. வேலை பரவாயில்லை. குளிரும் பழகிவிட்டது. இந்த வீட்டின் சத்தங்கள்தான் பழகவே இல்லை.

நம் வீட்டில் ராத்திரி எந்தச் சத்தம் கேட்டாலும் படுத்தபடியே சொல்லிவிடுவோமே? கொல்லைக் கதவு காற்றில் ஆடுகிறது, அப்பா தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறார், மொட்டை மாடியில் பூனை. யோசிக்கவே வேண்டாம், காது தானாகப் பிரித்துச் சொல்லிவிடும். இங்கே வந்த புதிதில் எனக்கு அந்தக் காது இல்லை. ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும், சுவர்ப் பக்கமிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி 'டக்... டக்டக்...' என்று கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். நிற்கவில்லை. கடைசியில் கட்டிலை விட்டு இறங்கி, தரையில் மண்டியிட்டுத் தேடிப் பார்த்தால், ஜன்னலுக்குக் கீழே இருக்கும், அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர். இந்த நகரத்தில் என்னுடையது போன்ற கட்டடங்களுக்கு வெந்நீர் பொதுக் குழாயில் வருகிறது. குளிர்காலத்துக்காக அன்றுதான் திறந்துவிட்டிருக்கிறார்கள். சூடு ஏற ஏற இரும்பு விரிந்து தட்டுகிறது. கை வைத்துப் பார்த்தேன், ஒரு முனை கொதித்தது, மறுமுனை இன்னும் சில்லென்று இருந்தது.

அடுத்த வாரம்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். 2006-ல் வந்த பிரெஞ்சுப் படம், பெயர் 'இல்'. பிரெஞ்சில் அதற்கு 'அவர்கள்' என்று அர்த்தம். நமக்கு இல் என்றால் வீடு! யாரோ வீட்டுக்குள் புகுந்துவிடுகிற கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. டேவிட் மோரோ, சேவியே பாலூ என்ற இருவர் எழுதி இயக்கியது. கதை நடப்பது நான் இருக்கும் இதே ஊரிலும், வடக்கே 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்னாகோவ் பக்கத்துக் காட்டிலும்.

கிளெமென்டீன் இங்குள்ள பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியை. அவளோடு இருக்கும் லூகா எழுத்தாளன். பிரான்ஸிலிருந்து வந்து, காட்டை ஒட்டிய ஒரு பெரிய பழைய வீட்டில் குடியிருக்கிறார்கள். வீட்டில் மராமத்து வேலை இன்னும் முடியவில்லை, மேல்தளத்தில் பிளாஸ்டிக் தாள்கள் தொங்குகின்றன. ஒரு ராத்திரி போன் அடிக்கிறது. அப்புறம் வெளியே பாட்டுச் சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால், கார் நிறுத்திய இடத்தில் இல்லை, தள்ளி நிற்கிறது. கிட்டே போகும்போது அது தானாக உயிர்பெற்று ஓடிவிடுகிறது. உள்ளே யார் என்று நமக்குத் தெரியாது. தெரியவிடவும் மாட்டார்கள்.

எனக்கு இந்தப் படம் இவ்வளவு பிடித்ததற்குக் காரணம் அதுதான். ரத்தம் மிகக் குறைவு. முகமூடி போட்டவனைக் கொண்டுவந்து கேமரா முன்னால் நிறுத்துவதில்லை. கடைசி வரைக்கும் நிழல், தலையை மூடிய ஓர் உருவம், ஓடும் காலடி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் சத்தம். குறிப்பாக ஒரு சத்தம்: பல்லி கத்துவது போலவும் கிலுகிலுப்பையை ஆட்டுவது போலவும், இரண்டுக்கும் நடுவே ஒன்று. அது எங்கிருந்து வருகிறது என்று அந்த இருவருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டின் எந்தச் சத்தம் வீட்டுடையது, எது வெளியாளுடையது என்று பிரித்தறிய அவர்களுக்கு இன்னும் காது வரவில்லை. அதைப் பார்த்தபோது, ரேடியேட்டர் முன்னால் மண்டியிட்டிருந்த அந்த ராத்திரி அப்படியே திரும்பி வந்தது. புது நாட்டில் குடியேறியவர்களின் பயத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

மேல்தளத்துக் காட்சி ஒன்று போதும். தொங்கும் தாள்களுக்கு நடுவே கிளெமென்டீன் தனியாக நகர்கிறாள். தாள் லேசாக அசைந்தால் அது காற்றா, மூச்சா என்று அவளோடு சேர்ந்து நாமும் தவிக்கிறோம். ஒலிவியா போனாமி அந்தப் பாத்திரத்தில் நடிக்கவே இல்லை என்று தோன்றும், அவ்வளவு இயல்பு.

இவ்வளவு நல்ல படத்தைப் பற்றி ஏன் யாரும் அதிகம் பேசுவதில்லை என்று எனக்கு ஆதங்கம். 2008-ல் 'தி ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்ற அமெரிக்கப் படம் வந்தது. அதிலும் தனி வீடு, ஒரு ஜோடி, காரணம் தெரியாத தாக்குதல். பெயரெல்லாம் அதற்கே போய்விட்டது. 'இல்' படத்தைப் பார்த்தவர்களும் அதன் முடிவைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். முடிவு பலமானதுதான், ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் ஒரு மணி நேரத்தின் பொறுமைதான் அதைத் தாங்கி நிற்கிறது.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. காட்டுக்குள் ஓடத் தொடங்கியதும் பிடி கொஞ்சம் தளர்கிறது, வீட்டுக்குள் இருந்த இறுக்கம் இல்லை. இன்னொன்று, ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது 2007 ஜனவரி 1-ல். படம் அதற்கு முந்தின வருடத்தது. கதவு திறக்கப்போகிற சமயத்தில் மேற்கே இருந்தவர்களுக்குக் கிழக்கைப் பற்றி இருந்த அச்சமும் இதில் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். எதிர்வீட்டுப் பாட்டியைத் தெரிந்த எனக்கு அந்த இடம் உறுத்தியது.

போன ஞாயிறு ஸ்னாகோவுக்கே போய்வந்தேன். அமைதியான ஏரி, நடுவில் தீவு, அதில் ஒரு பழைய மடாலயம். டிராகுலா கதைக்குப் பெயர் கொடுத்த விளாத் மன்னன் அங்கேதான் புதைக்கப்பட்டான் என்று சொல்வார்கள். இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவே நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். தூரத்தில் நாய் குரைப்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

நீ அவசியம் பார். 77 நிமிடம்தான். பிள்ளைகள் தூங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் போட்டுக்கொண்டு பார். முடிவை நான் எழுதமாட்டேன். கிளெமென்டீன் வீட்டில் உட்கார்ந்து திருத்தும் மாணவர்களின் தாள்களை மட்டும் மறந்துவிடாதே.

இதோ, ரேடியேட்டர் மறுபடி தட்டத் தொடங்கிவிட்டது. மணி பதினொன்றுதானே, வழக்கமான நேரம்தான். நான் படுக்கப் போகிறேன். படம் பார்த்துவிட்டு எந்த இடத்தில் நிறுத்தத் தோன்றியது என்று எழுது.

அன்புடன்,
உன் தங்கை