தொண்டு நிறுவனங்களும் கிளவுடுக்கு வரணும்

ஆசிரியருக்கு வணக்கம். சின்ன தொண்டு அமைப்பு ஒண்ணுல ஆறு வருஷமா கணக்கு பாக்குறேன், எங்ககிட்ட இருந்த ஒரே கம்ப்யூட்டரோட ஹார்ட் டிஸ்க் போன வருஷம் திடீர்னு போயிடுச்சு, நன்கொடை கொடுத்தவங்க விவரம், படிப்பு உதவி வாங்குற பிள்ளைங்க லிஸ்ட், ரசீது எல்லாமே அதோட போச்சு, மறுபடி ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு சேர்க்கவே மூணு மாசம் ஆச்சு. இதெல்லாம் கிளவுடுல, அதாவது இன்டர்நெட் வழியா வேற கம்பெனியோட சர்வர்ல, இருந்திருந்தா வேற கம்ப்யூட்டர்ல லாகின் பண்ணி அன்னைக்கே வேலைய தொடர்ந்திருக்கலாம்.

சர்வர் வாங்க, அத பாத்துக்க ஆள் போட நம்மள மாதிரி அமைப்புங்களுக்கு ஏது காசு? ஆனா பதிவு பண்ண தொண்டு அமைப்புங்களுக்கு கூகுள் மெயில், டிரைவ் எல்லாம் இலவசமாவே தருது, தேடல்ல விளம்பரம் போட மாசம் 10,000 டாலர் வரைக்கும் மதிப்புள்ள கிராண்டும் இருக்கு. நன்கொடை கொடுத்தவங்க விவரத்த எல்லாம் பாத்துக்குற கிளவுடு சாஃப்ட்வேர் தர்ற சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பெனி, 10 பேர் பயன்படுத்த லைசென்ஸ் சும்மா தருது. டெக்சூப்னு 1987லயே ஆரம்பிச்ச ஒரு அமைப்பு, சாஃப்ட்வேர குறைஞ்ச கட்டணத்துல வாங்கித் தருது. இது தெரியாமலே எத்தன பேர் நோட்டுல எழுதிட்டு இருக்காங்கன்னு நெனச்சா வருத்தமா இருக்கு.

ஒண்ணு மட்டும் கவனமா இருக்கணும். பாஸ்வேர்ட எல்லாரும் பகிர்ந்துக்காம ஆளுக்கு ஒரு கணக்கு வைங்க, பாஸ்வேர்டோட இன்னொரு சரிபார்ப்பும் (போனுக்கு வர்ற கோடு மாதிரி) கேக்குற ரெண்டடுக்கு சரிபார்ப்ப ஆன் பண்ணுங்க, வேலைய விட்டுப் போனவங்க அனுமதிய அன்னைக்கே எடுத்துடுங்க, ஏன்னா அதுல இருக்கிறது நம்மள நம்பி வந்தவங்களோட விவரம். உங்க பத்திரிகைல இந்தச் சலுகைகளுக்கு எப்படி விண்ணப்பிக்கறதுன்னு ஒரு கட்டுரை போட்டீங்கன்னா நெறைய பேருக்கு உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்