அப்பாவின் மூன்று நிரல் கொப்பி: ஒரு நன்றி மடல்

அப்பாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகமும் கொடுத்தாயிற்று. "எமது துயரில் பங்குகொண்ட அனைவருக்கும்" என்று வழமைபோல அட்டையும் அடித்தோம். ஆளாளுக்குச் சொல்லவேண்டிய நன்றியை ஒரு வரியில் முடித்துவிட்டோமே என்று மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதுதான் இந்த மடல்.

அன்றிரவு சத்தம் கேட்டு ஓடிவந்து, தன் வானில் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வைத்தியசாலைக்கு அப்பாவை ஏற்றிப்போன முன்வீட்டுத் தம்பிக்கு முதல் நன்றி. டீசல் காசை எடுத்து நீட்டினால் இன்றும் கோபிக்கிறான். விடியும்வரை அப்பாவின் பக்கத்திலேயே நின்ற தாதிக்கும் நன்றி. எட்டுச்செலவு வரைக்கும் எங்கள் அடுப்பு மூட்டவிடாமல் தேத்தண்ணியும் சோறும் மாறிமாறிக் கொண்டுவந்தது ஒழுங்கைச் சனம். பந்தலும் கதிரையும் பழைய மாணவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கட்டிய பதாகையொன்றில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அஞ்சலி எழுதியிருந்தது. சிங்களத்தில் ஒரு கொம்பு பிழை. அப்பா இருந்திருந்தால் செத்தவீட்டிலும் சிவப்புப் பேனை கேட்டிருப்பார்.

இனி, அவர் பாடசாலை அதிபராக இருந்த காலத்தில் தோள்கொடுத்தவர்களுக்கு.

சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இல் பிறந்தவர் அப்பா. "சட்டத்துக்கும் எனக்கும் ஒரே வயசு" என்று பகிடி விடுவார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது அவருக்குத் தெரியும். ஆனால் கையில் வந்த கடதாசிகள் வேறுமாதிரி இருந்தன. 2009இல் போரால் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் தரப்பாளுக்குக் கீழே இருந்தபோது, கடிதம் வாசிக்கவும் படிவம் நிரப்பவும் சனம் அவரிடம்தான் வரும். ஆங்கிலம் என்றால் உடனே சொல்லிவிடுவார். ஒருநாள் ஓர் அம்மா, மகனைப் பற்றிய கடிதம் என்று ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினா. முழுக்கச் சிங்களம். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதிபருக்குத் தெரியாததே, சொல்லுங்கோ சேர்" என்றபடி அவ நிலத்தில் குந்திவிட்டா. நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பாவின் முகத்தை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

2010இல் ஊர் திரும்பியதும், கூரை போன வகுப்பறைக்குத் தகரம் தேடிய அதே மாதத்தில் சிங்கள ஆசிரியரையும் தேடத் தொடங்கினார். "நான் வாசிச்சுக் குடுக்கிறது உதவியில்லை. உன்ரை பிள்ளை வாசிக்கோணும்" என்பது அதற்குப் பிறகு அவரிடம் கடிதம் கொண்டுவந்த எல்லோருக்கும் கிடைத்த பதில். வாசித்தும் கொடுப்பார், அது வேறு.

அநுராதபுரப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டு அறையில் தங்கிய சிங்கள ரீச்சர், நீங்கள் இப்போது தமிழ் வாசிப்பீர்கள் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். பகலில் தரம் 6 பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, பின்னேரம் விறாந்தையில் ஐம்பத்துநான்கு வயது அதிபருக்கு "அயன்ன, ஆயன்ன" சொல்லிக்கொடுத்தீர்கள். அவர் நாலு கோட்டுக் கொப்பியில் எழுதுவதைப் பார்த்து நாங்கள் சிரிக்க, நீங்கள் எங்களைத்தான் ஏசினீர்கள். சாம்பல் அள்ளிய அன்று பஸ் மாறிமாறி வந்து சேர்ந்தீர்களே, அதை மறக்க மாட்டோம்.

ஆங்கிலத்தின் கதை இன்னும் இழுபட்டது. நாட்டில் தரம் 6இல் சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் வழி 2002இல் திறந்தது. போரால் பூட்டிக்கிடந்த கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதி திறந்ததும் அதே ஆண்டுதான். எங்கள் பக்கம் வகுப்புத் தொடங்க ஆயத்தப்படுத்துவதற்குள் 2006இல் வீதி மறுபடி பூட்டுப்பட்டது. மீள்குடியேறிய பிறகு அனுமதி கேட்டுப் போனால், ஓர் அலுவலகத்தில் "முதல்ல தமிழை ஒழுங்காப் படிப்பியுங்கோ" என்று இரண்டு வருடம் அலைக்கழித்தார்கள். சில பெற்றோர், பிள்ளை தமிழை மறந்துவிடும் என்றார்கள். வேறு சிலர், எல்லாவற்றையும் இங்கிலீசிலேயே படிப்பியுங்கோ என்றார்கள். அப்பா இரண்டுக்கும் மசியவில்லை. கணிதமும் விஞ்ஞானமும் மட்டும், பதினொரு பிள்ளைகளோடு தொடங்கினார்.

விஞ்ஞான ரீச்சர், அந்த முருங்கைமரம் நினைவிருக்கிறதா? ஒரு கிளையில் சொப்பின் பையைக் கட்டிவிட்டு, இடைவேளைக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிப்போனீர்கள். பைக்குள் தண்ணீர் துளித்துளியாக நின்றது. ஆங்கிலப் பெயரைச் சொல்ல வாயெடுத்த உங்களை அப்பா மறித்தார்: "பொறுங்கோ. என்ன நடந்ததெண்டு முதல்ல தமிழில சொல்லட்டும்." ஒரு பெடியன், "மரம் வேர்க்குது சேர்" என்றான். அதற்குப் பிறகுதான் ஆவியுயிர்ப்பு என்ற சொல்லும் ட்ரான்ஸ்பிரேஷன் என்ற சொல்லும் பலகைக்கு வந்தன. அனுமதிக்காக நீட்டிநீட்டி எழுதிய கடிதங்களைவிட, அந்தப் பின்னேரம் அப்பாவின் கொள்கையை எனக்கு நன்றாக விளங்கப்படுத்தியது.

கடனுக்குப் பயிற்சித்தாள் அடித்துத் தந்த போட்டோகொப்பிக் கடை அண்ணா, உங்கள் சிட்டைக் கொப்பியில் அப்பாவின் பெயருக்குக் கீழே மிச்சம் இருந்தால் வந்து சொல்லுங்கள். பரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் பெட்டிபெட்டியாக அனுப்பிய பழைய மாணவர்களுக்கும் நன்றி. பாதிப் புத்தகங்களில் பனி கொட்டியது. சித்திரை வெயிலில் இருந்து அதை வாசித்த பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி அப்பா களைத்துப்போனார். அடுத்தமுறை அகராதி அனுப்பச் சொன்னார், அனுப்பினீர்கள்.

கடைசி நாட்களிலும் அவர் தலைமாட்டில் ஒரு கொப்பி கிடந்தது. மூன்று நிரல்: தமிழ், சிங்களம், ஆங்கிலம். காணி உறுதி, வாக்குமூலம், பிணை என்று அலுவலகங்களில் சனத்துக்குத் தேவைப்படும் சொற்கள். அதைத் தட்டச்சு செய்து பாடசாலைக்குக் கொடுக்கப்போகிறோம். சிங்கள நிரலில் சில இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. ரீச்சர், அதை நிரப்ப நீங்கள்தான் வரவேண்டும்.

அப்பாவிடம் அகராதி இரவல் வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பாடசாலை நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். யாரிடம் எது இருக்கிறது என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
மூத்த மகள்