மூணாறு கல்லறைத் தோட்டம்

ஆசிரியருக்கு,

மூணாறு செல்பவர்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள பழைய சி.எஸ்.ஐ. தேவாலயத்தை ஒட்டிய மேட்டில் தோட்டத் துரைமார் காலத்துக் கல்லறைகள் இருப்பது பலருக்குத் தெரியாது. வழக்கமாகத் தேவாலயம் வந்த பிறகுதான் கல்லறை வரும். இங்கே தலைகீழ். 1894-இல், மணமாகி வந்த சில நாட்களிலேயே காலராவுக்குப் பலியான எலினார் நைட் என்ற இளம்பெண்ணை இந்த மேட்டில் அடக்கம் செய்தார்கள். தேவாலயம் எழுந்ததோ 1910-11-இல்தான்.

இதுபோன்ற பழைய கற்களைச் சுத்தம் செய்கிறோம் என்று ஆசிட், கம்பி பிரஷ் பக்கம் யாரும் போக வேண்டாம், எழுத்தே போய்விடும். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். சாய்வெயிலில் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் துலங்கும்.

சரி, கங்காணிகள் அழைத்துப்போக மலையேறி, அதே காட்டைத் திருத்திய நம் தொழிலாளர்கள்? காலரா அவர்களையும்தான் கொண்டுபோனது. பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. எஸ்டேட்களின் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர், வருகைப் பதிவேடு), தேவாலய அடக்கப் பதிவேடு எது மிஞ்சியிருந்தாலும், அந்தப் பெயர்களைத் தொகுத்து இந்த மேட்டிலேயே ஒரு பலகையாக வைக்கலாம். கேரள தொல்லியல் துறையும் தோட்ட நிர்வாகங்களும் சேர்ந்தால் செலவு பெரிதாக ஆகாது.

– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்