போனில் சொன்னது பொய்

மக்ளே ஜெனி,

நர்ஸ் பிராக்டிஷனர் வேலைக்கு, அதாவது நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதுகிற நர்ஸ் வேலைக்கு, வந்திருக்கிற இரண்டு ஆஃபரில் எதை எடுக்க என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனில் நீ கேட்டதற்கு, "உன் இஷ்டம் மக்ளே, உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றேன். அது பொய். எனக்கென்று ஒரு இஷ்டம் இருந்தது. ஹூஸ்டன் பக்கத்தில் நம் கேட்டி வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் போகிற அந்த அர்ஜென்ட் கேரில், முன்பதிவில்லாமல் அவசரத்துக்கு வருகிறவர்களைப் பார்க்கிற அந்த கிளினிக்கில், நீ சேர வேண்டும், சனிக்கிழமையானால் மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் எனக்காகவே இங்கே தங்கிவிடுவாய் என்று பயந்து மழுப்பிவிட்டேன்.

மூன்று நைட் டியூட்டி முடிந்து இன்று எனக்கு லீவு. அப்பா தூங்குகிறார். நீ அனுப்பிய இரண்டு ஆஃபரையும் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தேன். படித்து முடித்தபோது என் இஷ்டம் மாறிப்போயிருந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே "எனக்குத் தெரியும்மா" என்பாய். அதனால்தான் கடிதம்.

முதலில் சம்பளம். அதைப் பேசாமல் மற்றதைப் பேசினால் உன் காதில் ஏறாது. அர்ஜென்ட் கேரில் மணிக்கு 68 டாலர், வாரம் மூன்று நாள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வருடத்துக்கு 1,27,000 சொச்சம். நியூ மெக்சிகோவில் டெமிங் ஊர்ச் சமூக சுகாதார மையத்தில் 1,12,000, வாரம் ஐந்து நாள். கணக்குப் போட்டால் யாரும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023 மே மாதத்துக்குச் சொன்ன இடைநிலைச் சம்பளம் நர்ஸ் பிராக்டிஷனருக்கு 1,26,260 டாலர், என்னைப் போலப் பதிவு பெற்ற நர்ஸான ஆர்.என்.னுக்கு 86,070. புது ஆளான உனக்கு எடுத்த எடுப்பிலேயே அந்த இடைநிலையைத் தாண்டித் தருகிறார்கள் என்றால், ஏன் தருகிறார்கள் என்று கேட்க வேண்டாமா?

2023க்கும் 2033க்கும் இடையே இந்த வேலை 46 சதவீதம் வளரும் என்று அதே துறை சொன்னதை உன் காலேஜில் ஸ்லைடு போட்டுக் காட்டியிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த வளர்ச்சி எந்த ஊரில், எந்த மாதிரி வேலையில் என்று ஸ்லைடில் இருக்காது. நாட்டிலுள்ள நர்ஸ் பிராக்டிஷனர்களில் பத்தில் ஏழு பேர் உன்னுடைய ஃபேமிலி பிரிவில், அதாவது எல்லா வயதினரையும் பார்க்கிற பிரிவில், சான்றிதழ் வாங்கியவர்கள். ஹூஸ்டன், டாலஸ் மாதிரி ஊர்களில் ஒரு வேலைக்குப் பல பேர் நிற்கிறார்கள். மார்ச்சில் உனக்கு ஒரு கிளினிக் 92,000 சொன்னதே, ஞாபகம் இருக்கிறதா? நைட் அலவன்ஸும் ஓவர்டைமும் சேர்த்து போன வருடம் நான் வாங்கியது அதைவிட அதிகம். பெரிய கம்பெனிப் பெயரைப் பார்த்தும் மயங்காதே. 2024 ஏப்ரலில் வால்மார்ட் தன் 51 ஹெல்த் சென்டர்களையும் ஒரே அறிவிப்பில் மூடியது. அங்கே வேலை பார்த்தவர்களும் உன்னைப் போலப் படித்துவிட்டு வந்தவர்கள்தான்.

இப்போது என் கதை ஒன்று. உனக்குப் பாதி தெரியும், மீதியை நாங்கள் மறைத்துவிட்டோம். 2006இல் குவைத்திலிருந்து நாம் இங்கே வந்து இறங்கியபோது உனக்கு எட்டு வயது. என்னைக் கூட்டிவந்த ஏஜென்சியிடம் பதினான்கு பக்க ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டது குவைத்தில், டியூட்டி டிரஸ்ஸோடு, நின்றுகொண்டே. மூன்று வருடம் அவர்கள் சொல்கிற ஆஸ்பத்திரியில்தான் வேலை என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆனபோது, நர்ஸுக்குப் பத்து நோயாளி என்கிற அந்த வார்டில் இனி முடியாது என்று விலகினேன். 12,000 டாலர் கட்டு என்று கடிதம் வந்தது. அப்பா ஊரில் அந்தத் தென்னந்தோப்பை விற்றது வீட்டைப் பழுதுபார்க்க இல்லை மக்ளே.

ஆகையால் இந்த இரண்டு பேப்பரையும் நான் ஒன்பதாம் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன் என்று வைத்துக்கொள். அர்ஜென்ட் கேர் ஒப்பந்தத்தில் நான் பென்சில் போட்ட இடங்கள் மூன்று. விலகினால் ஒரு வருடத்துக்கு ஐந்து மைல் சுற்றளவில் இதே மாதிரி வேலை பார்க்கக் கூடாது. ஐந்து மைல் என்றால் கேட்டியில் பெரும்பகுதி உனக்குப் பூட்டிவிட்டது. நான் உன்னை இங்கே வைத்திருக்க ஆசைப்பட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். இரண்டாவது, சிகிச்சையில் தவறு என்று வழக்கு வந்தால் உதவுகிற மால்பிராக்டிஸ் காப்பீடு. "கிளெய்ம்ஸ் மேட்" என்று போட்டிருக்கிறது. நீ அங்கே வேலையில் இருக்கும்போது வருகிற வழக்குக்குத்தான் அது உதவும். விலகிய பிறகு பழைய நோயாளி ஒருவர் கேஸ் போட்டால் அதற்கு "டெயில்" என்று தனிக் காப்பீடு வேண்டும், அந்தப் பணம் உன் தலையில். ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். மூன்றாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது: "தனியாக கிளினிக்கைக் கவனிக்கும் திறன்."

தனியாக. அதாவது பன்னிரண்டு மணி நேரம் நீ, ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியன், ஒரு மெடிக்கல் அசிஸ்டன்ட். டாக்டர் போனில். டெக்சஸ் சட்டப்படி உனக்கு மருந்து எழுதும் அதிகாரம் ஒரு டாக்டருடனான ஒப்பந்தத்தின் மூலம்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். அவர் உன் பக்கத்து அறையில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரே டாக்டர் முழுநேரக் கணக்கில் ஏழு பேருக்கு இப்படிக் கையெழுத்துப் போடலாம். நீ ஏழாவது ஆளாக இருந்து, "நெஞ்சு எரிச்சல்" என்று வந்தவருடைய இ.சி.ஜி.யை ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், அவர் போனை எடுப்பாரா? வெளியே இன்னும் பதினொரு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பத்து வருட அனுபவம் உள்ளவளுக்கு அது வேலை. முதல் வருடக்காரிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி.

நீ கெட்டிக்காரி இல்லை என்று சொல்லவில்லை. உன் கிளினிக்கல் மணிக்கணக்கை முடிக்க எத்தனை கிளினிக்குக்குப் போன் போட்டு, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிற பிரிசெப்டர் கிடைக்காமல் என்னிடம் அழுதாய் என்று நினைத்துப் பார். எழுநூறு சொச்சம் மணி நேரம். டாக்டர்மார் படிப்புக்குப் பிறகு செய்கிற ரெசிடென்சிப் பயிற்சியில் ஒரே வருடத்தில் அதைப்போல நாலு மடங்குக்கு மேல் பார்த்துவிடுகிறார்கள். மீதியை நீ வேலையில்தான் கற்க வேண்டும். இதை உணர்ந்துதான் 2007இல் கனெடிகட்டில் ஒரு சமூக சுகாதார மையம் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கென்றே ஒரு வருட ரெசிடென்சி ஆரம்பித்தது. இப்போது பல இடங்களில் இருக்கிறது.

என் கால் விஷயம் உனக்குச் சொல்லியிருக்கிறேனா? சொல்லவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் சுகர் செக்கப்புக்குப் போனேன். ஏழு வருடமாகப் பார்க்கிற டாக்டர் அன்று இல்லை, ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் வந்தாள். நாற்பது வயது இருக்கும், தென்னமெரிக்கச் சாயல். "ஷூவையும் சாக்ஸையும் கழற்றுங்கள்" என்றாள். ஏழு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. நான் சிரித்துக்கொண்டே, "நான் நர்ஸ்" என்றேன். "அதனால்தான் யாரும் உங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்" என்றாள். கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டாள். தொட்டதும் சொல்ல வேண்டும். சொன்னேன், சொன்னேன், பிறகு சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் தொடவில்லையே என்று கண்ணைத் திறந்து பார்த்தால், இழை என் பெருவிரலில் வில்லாக வளைந்து நிற்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. மக்ளே, இருபத்தைந்து வருடமாக நான் அதே இழையை அடுத்தவர் காலில் வைத்தவள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் நீ கவனிக்க வேண்டும். என் கிட்னி ரிப்போர்ட்டைப் பார்த்தாள், மருந்தளவில் ஏதோ சந்தேகம். "ஒரு நிமிஷம்" என்று எழுந்துபோய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள். சீனியர் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து எழுதினாள். ஒரு நிமிடம்தான். எத்தனை வருட அனுபவம் என்று கேட்டேன், பதினொன்று என்றாள்.

அந்தக் கதவு டெமிங் ஆஃபரில் இருக்கிறது. அர்ஜென்ட் கேரில் இல்லை. டெமிங்கில் ஒரு டாக்டர், இரண்டு பழைய நர்ஸ் பிராக்டிஷனர்கள். முதல் மூன்று மாதம் நாளைக்கு எட்டு நோயாளிகள், பிறகு மெதுவாக ஏற்றுவோம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். நியூ மெக்சிகோ சட்டப்படி உனக்கு டாக்டர் கையெழுத்தே வேண்டாம். பின்னால் நீயே கிளினிக் திறக்கலாம். உன் கிளாஸ் பிள்ளைகள் அதைத்தான் பெருமையாகப் பேசுகிறார்கள். கையெழுத்து வேண்டாம் என்பதால் கேட்டுக்கொள்ள ஆளும் வேண்டாம் என்றாகிவிடாது. சட்டமும் விட்டுக்கொடுத்து, ஆளும் பக்கத்தில் இருந்தால் அதைவிட என்ன வேண்டும்?

சம்பள வித்தியாசம் 15,000 சொச்சம். உன் படிப்புக் கடனையும் அதில் சேர்த்துப் பார். அரசு உதவி பெறும் சமூக சுகாதார மையம் என்பதால், நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் திட்டத்துக்கு நீ விண்ணப்பிக்கலாம். இரண்டு வருடம் அங்கே வேலை பார்க்கச் சம்மதித்தால் கடனில் பல பத்தாயிரம் டாலரை அவர்களே அடைக்கிறார்கள். நர்ஸ் கோர் என்று இன்னொன்று, இரண்டு வருடத்துக்குக் கடனில் 60 சதவீதம். விண்ணப்பித்தவருக்கெல்லாம் கிடைக்காது, அதை நம்பி வீடு வாங்காதே. ஆனால் லாப நோக்கில்லாத இடத்தில் பத்து வருடம், 120 தவணை கட்டினால் மீதி ஃபெடரல் கடனைத் தள்ளுபடி செய்கிற திட்டத்துக்கும் அந்த வேலை கணக்கில் வரும். அர்ஜென்ட் கேர் கம்பெனிக்கு இது எதுவும் கிடையாது.

ஐ.சி.யு. பக்கம் போக வேண்டும் என்று நடுவில் பேசிக்கொண்டிருந்தாய். அது இந்தப் படிப்பில் நடக்காது. ஃபேமிலி படித்தவர்களைப் பத்து வருடத்துக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டில் எடுத்தார்கள். இப்போது கடும் நோயாளிகளைப் பார்ப்பதற்கான அக்யூட் கேர் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. வேண்டுமென்றால் பின்னால் அதை மட்டும் தனியாகப் படித்துக்கொள். மனநலப் பிரிவும் அப்படித்தான் சேர்த்துப் படிக்கிறார்கள். இப்போது எதையும் தொடாதே, இருக்கிற கடன் போதும்.

ஊரில் பெரியத்தை இன்னும், "பிள்ளை டாக்டருக்குப் படிக்கலையா, நர்ஸுக்குமேல அப்படி என்ன படிப்பு?" என்கிறாள். நானும் வெகுநாள் பதில் தெரியாமல் முழித்தேன். இப்போது சொல்கிறேன்: நம் ஊரில் சுகாதார நர்ஸ் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக வருவாளே, அந்த அக்காவுக்கு மருந்து எழுதவும் நோயைக் கண்டுபிடிக்கவும் படிப்பும் அதிகாரமும் கொடுத்தால் எப்படி இருக்கும், அதுதான். பெரியத்தைக்கு உடனே புரிந்துவிட்டது. உண்மையில் இந்தப் படிப்பு ஆரம்பித்ததும் அப்படித்தான். 1965இல் கொலராடோவில் இதைத் தொடங்கிய லொரெட்டா ஃபோர்டும் பொதுச் சுகாதார நர்ஸாக இருந்தவர். ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து ஆரம்பித்தார். 2025 ஜனவரியில் 104 வயதில் காலமானார். டெமிங் பக்கம் நீ பார்க்கப்போவதும் அதே வேலைதான்: மிளகாய்த் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் பிள்ளைகள், சுகர் வந்த பாட்டிகள். ஸ்பானிஷை ஒழுங்காகப் படித்துக்கொள்.

சின்னச் சின்ன விஷயங்கள். டெக்சஸ் ஆர்.என். லைசன்ஸை வைத்து நியூ மெக்சிகோவில் வேலை தொடங்கலாம், ஆனால் அங்கே குடியேறினால் அந்த ஊர் லைசன்ஸாக மாற்ற வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் லைசன்ஸ் செல்லாது, அங்கே தனியாக வாங்க வேண்டும். பரீட்சை எழுதி, லைசன்ஸ் வந்து, இன்சூரன்ஸ் கம்பெனிகள் உன் பெயரைச் சேர்க்கவே மூன்று மாதம் ஓடிவிடும். அதுவரை இப்போதைய வார்டு வேலையை விடாதே. கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளை எழுத வேண்டிய டி.ஈ.ஏ. பதிவுக்கு மூன்று வருடத்துக்கு 888 டாலர், அதை யார் கட்டுவது என்று கேட்டு எழுதி வாங்கு. கேட்க வெட்கப்படாதே.

கேட்டியிலிருந்து டெமிங் எண்ணூறு மைலுக்கு மேல் என்று மேப்பில் பார்த்தேன். பெரிய தூரம்தான். ஆனால் நம் வீட்டுப் பக்கம் ஓடுகிற இதே ஐ-10 நெடுஞ்சாலைதான் அங்கேயும் போகிறது, எங்கேயும் திரும்ப வேண்டாம். அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நேராகப் போய் கார் டயரைத்தான் பார்ப்பார்.

டெமிங் ஆஃபரில் நாலாம் பக்கம் மங்கலாக வந்திருக்கிறது, மால்பிராக்டிஸ் விஷயம் அதில்தான் இருக்க வேண்டும். அந்த மாதிரி மையங்களில் பெரும்பாலும் ஃபெடரல் அரசே பொறுப்பேற்றுக்கொள்ளும், டெயில் தொல்லை இருக்காது. ஆனாலும் நான் கண்ணால் பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு. அதைப் படித்த பிறகு நீ கையெழுத்துப் போடு.

அம்மா