மாதர் சங்க ஆண்டறிக்கை, காந்தல்லூர்

தலைவி அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. அடைமழைக் காலத்தில் மட்டும் வருகை குறைவு. ஓணத்துக்குப் பூக்களம், பொங்கலுக்குக் கோலப்போட்டி, இரண்டும் குறைவில்லாமல் முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கிக்காரர்களின் பெயர்களையும் சேர்த்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன், அவர்தான் தயங்குகிறார்.

இனி ஆப்பிள் பட்டர், அதாவது ஆப்பிளைக் கெட்டியாகச் சுண்டவைத்த இனிப்புக் கூழ், அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மலையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் ஆப்பிள் பழுக்கிறது. காற்றும் அப்போதுதான். உதிர்ந்து அடிபட்ட பழத்தைச் சுற்றுலா வருகிறவர்கள் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். உடுமலைக்கு ஏற்றினால் வண்டிக்கூலிக்கே கட்டாது. அடுப்பில் கிண்டலாம் என்றால், கூழ் கெட்டியாகும் நேரத்தில் கொப்பளித்துக் கையில் தெறிக்கும். கொஞ்சம் அசந்தால் அடிப்பிடிக்கும். நம் உறுப்பினர் ஒருவரின் மகள் துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்லோ குக்கர், குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பானை, பரணில் சும்மா கிடந்தது. அதைக் கீழே இறக்கியதுதான் இந்த ஆண்டு சங்கம் செய்த உருப்படியான காரியம் என்பேன்.

செய்முறையைப் பலர் கேட்டதால் அறிக்கையிலேயே சேர்க்கிறேன். வெண்ணெய் ஒரு துளியும் சேராது. தண்ணீர் சுண்டி, பழமே பழுப்பேறிக் குழைந்து வருவதுதான் இது. ஆறு லிட்டர் குக்கருக்கு 3 கிலோ பழம் போதும். அடிபட்ட இடத்தை வெட்டிவிட்டுச் சேர்க்கலாம். பூஞ்சை பிடித்த பழத்தில் பாதிகூட உள்ளே போகக் கூடாது, இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். விதையும் நடுத்தண்டும் நீக்கினால் போதும், தோல் இருக்கட்டும். கூழைக் கெட்டியாக்கும் பெக்டின் தோலில்தான் அதிகம், எப்படியும் பிறகு மிக்சியில் அரைக்கத்தானே போகிறோம்.

இனிப்புக்கு வெள்ளைச் சர்க்கரையா வெல்லமா என்று கூட்டத்தில் நல்ல சண்டை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர் வெல்லம் கீழே இறங்கினால் கிடைக்கிறது, நாம் ஏன் சர்க்கரைக்குப் போக வேண்டும் என்றது ஒரு கட்சி. நிறம் கறுத்துவிடும் என்றது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்தோம், வெல்லம்தான் ஜெயித்தது. அரைக் கிலோ வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், இல்லையென்றால் மண் பல்லில் கடிபடும். ஒரு எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு தேக்கரண்டி பட்டைத்தூள். கிராம்பு நான்கைந்து போதும், அதைத் துணியில் முடிந்து போட்டு எடுத்துவிடுங்கள். கிராம்பு மிஞ்சினால் பல்வலி மருந்து வாசனைதான் வரும். ஜாதிக்காயைக் கடைசியில் லேசாக உரசிச் சேர்ப்பது நல்லது. ஏலக்காய், பக்கத்து வீட்டுச் சேச்சியின் யோசனை. நம் இடுக்கி மாவட்டமே ஏலத்துக்குப் பேர்போனது, அவர் பேச்சை எப்படித் தட்டுவது?

'லோ'வில் வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். பத்து மணி நேரம் என்று மற்றவர்கள் சொல்வது நமக்குப் பொருந்தாது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் ஒன்றிரண்டு மணி நேரம் கூடத்தான் ஆகும். கரண்ட் போனால் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், இருக்கிற சூடும் போய்விடும். நெடுநேரம் கரண்ட் வராவிட்டால் கூழை வேறு பாத்திரத்துக்கு மாற்றி அடுப்பில் முடியுங்கள், குக்கரின் பீங்கான் பானையை அடுப்பில் வைத்தால் விரிசல் விடும்.

காலையில் ஆறவிட்டு அரையுங்கள். சூடாக மிக்சியில் போட்டால் மூடி பறக்கும். அரைத்ததை மறுபடி குக்கரில் ஊற்றி, மூடிக்கு அடியில் ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து ஆவி போக வழிவிடுங்கள். முழுக்க மூடினால் ஆவி மூடியில் பட்டு நீராகித் திரும்ப உள்ளேயே சொட்டும், எத்தனை நேரம் வைத்தாலும் பதம் வராது. பதம் பார்க்க நம் மூத்த உறுப்பினர் அக்கா ஒருவர் குளிர்ந்த தட்டில் ஒரு கரண்டி வைத்து, தட்டைச் சாய்த்து, ஓரத்தில் தண்ணீர் கசிகிறதா என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்ப்பார். கசிந்தால் "இன்னும் ஆகல" என்று ஒரே வார்த்தை. அப்புறம் யாரும் வாதாட மாட்டார்கள். தோசைக்கும் சப்பாத்திக்கும் தொட்டுக்கொள்ளலாம், பிள்ளைகள் வெறும் கையால் வழித்தே தீர்த்துவிடுகிறார்கள்.

விற்பனை பற்றி. விருந்தினர் விடுதிகள் சில கேட்டிருக்கின்றன. நான் உடனே சரி என்று சொல்லவில்லை. எவ்வளவு சின்ன அளவில் உணவு செய்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். பாட்டிலைக் கொதிநீரில் மூழ்கவைத்து மூடுவதென்றால் நம் உயரத்துக்கு 10 நிமிடம் என்பது கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு சோதித்துப் பார்த்த செய்முறைகளுக்கு உரியது, நம் வெல்லக் கலவையை யாரும் சோதித்ததில்லை. ஆகவே இந்த ஆண்டு செய்ததெல்லாம் உறுப்பினர் வீடுகளுக்கு மட்டுமே போனது. ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று வாரத்துக்குள் முடித்துவிடச் சொல்லியிருக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். பதிவுக்கு விண்ணப்பிப்பது, கலவையைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி, பாட்டிலில் கெடாமல் இருக்கும் அளவுக்குப் புளிப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது, சங்கத்துக்கென்று சொந்தமாக ஒரு ஸ்லோ குக்கர் வாங்குவது. இரவல் குக்கரைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கண்ணாடி பாட்டில்கள்தான் இன்னும் பாதி வந்து சேரவில்லை. எடுத்துப்போனவர்கள் மூடியோடு கழுவி, ஜூலைக்கு முன் சங்கக் கட்டடத்தில் ஒப்படைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்